நடு வருஷத்தில் வேகமான மாரத்தான் தேடுகிறவர்களுக்கு: கோல்ட் கோஸ்ட் ஓடிவிட்டு வந்து எழுதுகிறேன்

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் மாரத்தானை 3 மணி 39 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தேன். எனக்கு 47 வயது, இரண்டு பிள்ளைகள், சிங்கப்பூர் பிடோக்கில் வீடு, கணக்கு வேலை. சிங்கப்பூரில் நான் ஓடிய மாரத்தானில் சிறந்த நேரம் 4 மணி 9 நிமிடம். பயிற்சி நடுவில் கூடியது உண்மைதான், அதை மறைக்கவில்லை, ஆனால் அரை மணி நேரம் பயிற்சியால் மட்டும் குறையாது. எங்கள் ஓட்டக் குழுவில் வருஷம் பிறந்ததும் யாராவது ஒருவர் "ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் நல்ல டைமிங் எடுக்கிற மாதிரி ரேஸ் எது இருக்கு" என்று கேட்பார். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், நடு வருஷத்தில் எதற்கு ஓட வேண்டும், டிசம்பரில் ஊரிலேயே ஓடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காரணம் பாஸ்டன். அமெரிக்காவில் நடக்கும் பாஸ்டன் மாரத்தானில், குறிப்பிட்ட நேரத்துக்குள் வேறொரு மாரத்தானை ஓடிக் காட்டித்தான் இடம் கேட்க வேண்டும், அதற்கான பதிவு செப்டம்பரில் நடக்கும். அதற்குள் உங்கள் வயதுக்கான தகுதி நேரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். 45 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கு 2026 பந்தயத்துக்கான தகுதி நேரம் 3:45, அதே வயது ஆண்களுக்கு 3:15. சரி, 3:44:59 ஓடினால் போதுமா என்றால் போதாது. விண்ணப்பம் குவிவதால் வேகமானவர்களை முதலில் எடுத்துக்கொண்டு வருவார்கள். 2025 பந்தயத்துக்குத் தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 விநாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் மூன்று நிமிடம் மிச்சம் வைத்து ஓடிவிட்டு இடம் கிடைக்காமல் நின்றார்கள். ஆக, வருஷத் தொடக்கத்தில் ஓடிய ரேஸ் சரியாக அமையாதவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கடைசி வாய்ப்பு. எனக்கும் அதுதான் நிலைமை. ஜனவரியில் காய்ச்சல், மார்ச் வரை வருஷக் கணக்கு முடிக்கும் வேலை, அதற்கு மேல் வேறு வழியில்லை.

ஆனால் அந்த மூன்று மாதம்தான் மாரத்தானுக்குக் கஷ்டமான காலம். பூமியின் வடபாதியில் வெயில் காலம், பெரிய மாரத்தான்கள் எல்லாம் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ இருக்கும். நமக்கோ வருஷம் முழுக்க ஒரே காலம்தான். விடிகாலை நான்கரைக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் இறங்கினாலும் 26 டிகிரி, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். உடம்பு சூடானால் அதைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போகும், காலுக்கு வர வேண்டிய பங்கு குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றிலேயே ஈரம் நிரம்பியிருப்பதால் அது ஆவியாகாமல் முழங்கையில் சொட்டிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரின் ஆண்கள் தேசியச் சாதனையைப் பாருங்கள். எம். ரமேஷன் 1995 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஓடிய 2:24:22 இருபத்து மூன்று ஆண்டுக்கு மேல் யாராலும் தொட முடியாமல் நின்றது. அதை அவர் ஓடியது டிசம்பர் மாத சியாங் மாயில். அதை முறியடித்த சோ ருய் யோங் 2:23:42 ஓடியது 2019 பிப்ரவரியில், ஸ்பெயினின் செவில்லில். இரண்டுமே நம் ஊர் ஈரக்காற்றில் வரவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால் நாம் குளிர்ந்த ஊரைத் தேடிப் போவதில் தப்பே இல்லை.

இப்போது நான் தேடிய கதை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரி தேடினேன். எல்லா ரேஸும் தன்னை 'தட்டையானது, வேகமானது' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அதை நம்பி இதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு ரேஸுக்குப் போய் நொந்துவிட்டேன். பெயர் சொல்ல வேண்டாம். தடம் தட்டைதான், அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினார்கள், 28ஆவது கிலோமீட்டரில் மேசையும் காலிக் குவளையும்தான் இருந்தன, தண்ணீர் இல்லை. நிழலே இல்லாத சாலையில் 29 டிகிரி. 3:45 கனவோடு போனவள் 4:20க்கு நடந்து வந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் விளம்பரத்தைப் பார்க்க மாட்டேன், நானே கணக்குப் போட்டுப் பார்ப்பேன் என்று.

நான் முதலில் பார்ப்பது தொடங்கும் நேரத்து வெப்பநிலையை அல்ல, நான் 35ஆவது கிலோமீட்டரில் இருக்கும் நேரத்து வெப்பநிலையை. ஆறரைக்குத் தொடங்கினால் எனக்கு அது ஒன்பதரை. அந்த மாதத்தில் அந்த ஊரில் ஒன்பதரைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று பழைய பதிவுகளைப் பார்க்கலாம், எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. மாரத்தானுக்கு 10 டிகிரி வாக்கில் இருந்தால் உத்தமம், 15ஐத் தாண்டினால் விலை கொடுக்க ஆரம்பிக்கிறோம். அடுத்தது, வென்றவரின் நேரத்தை நம்பக்கூடாது. சிட்னி மாரத்தான் நல்ல உதாரணம். 2025இல் உலகின் முன்னணி மாரத்தான்களான 'மேஜர்' பட்டியலில் ஏழாவதாகச் சேர்ந்துவிட்டது, ஆகஸ்ட் 31 அன்று நடந்த ஆண்கள் பந்தயத்தை வென்றவர் ஓடியது 2:06:06. அருமையான ரேஸ், துறைமுகப் பாலத்தில் ஏறி ஓபரா மாளிகையில் முடியும், பார்க்கவே அழகு. ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். என்னைப் போன்ற ஆளுக்கு ஒவ்வொரு மேடும் கடைசியில் கணக்குக் கேட்கும். அனுபவத்துக்குப் போகலாம், தகுதி நேரத்துக்குப் போகாதீர்கள்.

ஜப்பான்தானே பக்கம், ஹொக்கைடோ குளிர்ந்த இடம்தானே என்று பலர் சொல்வார்கள். ஹொக்கைடோ மாரத்தான் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சப்போரோவில். தோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து சப்போரோவுக்கு மாற்றினார்கள் அல்லவா, 2021 ஆகஸ்ட்டில் அங்கேயும் வெயில் விடவில்லை. பெண்கள் பந்தயத்தை முந்தின நாள் ராத்திரிதான் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி ஆறு மணிக்கு வைத்தார்கள். ஆண்கள் பந்தயத்தில் 106 பேர் தொடங்கி 30 பேர் முடிக்காமலே வெளியேறினார்கள். உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரர்கள் அவர்கள். சப்போரோவில் ரொட்டியும் சூப்பும் நன்றாக இருக்கும், குடும்பத்தோடு சுற்றலாம், ஓடவும் செய்யலாம், ஆனால் வேகத்துக்கு அந்த நாளை நம்ப முடியாது.

அமெரிக்காவில் ஜூன் மாதம் கிராண்ட்மாஸ் மாரத்தான் இருக்கிறது, மினசோட்டா மாநிலத்தில், டூ ஹார்பர்ஸ் ஊரிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரை ஓரமாகவே டுலூத் வரை. 1977இலிருந்து நடக்கிறது, முதலில் ஆதரவு கொடுத்த உணவகத்தின் பெயரில் அப்படியே 'பாட்டி' பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே இருக்கிறவர்கள் பாஸ்டன் தகுதிக்கு விரும்பிப் போகும் ரேஸ் இது, ஏரிக்காற்று சில்லென்று இருந்தால் பறக்கலாம். சிகாகோ பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். எனக்கு இரண்டு விமானம் மாறி, பதின்மூன்று மணி நேர வித்தியாசத்தைச் சமாளித்து, ஒரு வாரம் முன்பே போய் உட்கார விடுப்பு இல்லை.

மலை உச்சியில் தொடங்கி அடிவாரத்தில் முடியும் இறக்க ரேஸ்களும் அமெரிக்காவில் நிறைய. அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பேன். உலகச் சாதனைக்கான விதியில் மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது முழு மாரத்தானுக்கும் 42 மீட்டர். இந்த ரேஸ்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்குவார்கள். இறங்குவது சுலபம் என்று தோன்றும், தொடையின் முன்பக்கம் என்ன ஆகும் என்பது 30ஆவது கிலோமீட்டரில் தெரியும். அதோடு 2027 பாஸ்டனிலிருந்து 1,500 அடிக்கு மேல் இறங்கும் தடத்தில் எடுத்த நேரத்தோடு 5 நிமிடமும், 3,000 அடிக்கு மேல் என்றால் 10 நிமிடமும் கூட்டித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்க் காலையும் கெடுத்து அந்த நிமிடங்களையும் இழக்க வேண்டுமா?

இப்படித் தட்டித் தட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வடக்கே குளிர்ந்த மூலையைத் தேடுவதற்குப் பதில் தெற்கே போனால் ஜூலை அங்கே குளிர்காலம்! நாம் இருப்பது பூமத்திய ரேகையின் மேல், இரண்டு பக்கமும் நமக்கு ஒரே தூரம். பிரிஸ்பேன் ஏழரை எட்டு மணி நேரத்தில் போய்விடலாம், நேர வித்தியாசம் இரண்டே மணி நேரம். அங்கே காலை ஆறு என்றால் நமக்கு நான்கு. ஈஸ்ட் கோஸ்ட்டில் லாங் ரன்னுக்கு நான்கு மணிக்கு எழுந்தே பழகியவர்களுக்கு அங்கே உடம்பு தானாக விழித்துக்கொள்கிறது.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கோல்ட் கோஸ்ட் மாரத்தான் ஜூலை முதல் வார இறுதியில் வரும். நம் இளையர் தினமும் ஜூலை முதல் ஞாயிறு, அதற்கு மறுநாள் திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி போகாது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். நான் இரண்டு நாள் எடுத்தேன், அது இல்லாமல் நிம்மதி இருந்திருக்காது.

போகிற வழி. சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் கைப்பேசிச் செயலியிலேயே மின் பயண அனுமதி வாங்கிவிடலாம், 20 ஆஸ்திரேலிய வெள்ளி. இந்தியக் கடப்பிதழில் இருக்கும் நிரந்தரவாசிகள் விசாவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பிரிஸ்பேன் விமான நிலையத்திலேயே ரயில் ஏறி ஹெலன்ஸ்வேலில் இறங்கினால் அங்கிருந்து டிராம், அது சவுத்போர்ட், சர்ஃபர்ஸ் பாரடைஸ், பிராட்பீச் என்று கடற்கரை ஓரமாகவே போகும். விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ரயிலுக்கு மட்டும் தனிக் கட்டணம். மற்றபடி 2024 ஆகஸ்ட்டிலிருந்து குவீன்ஸ்லாந்தில் பேருந்து, ரயில், டிராம் எதில் ஏறினாலும் 50 காசுதான். பந்தய நாளில் சாலைகளை மூடிவிடுவதால் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பது புத்திசாலித்தனம். நானும் குழுவில் இருக்கும் அக்கா ஒருவரும் சேர்ந்து சமையல் மேடை உள்ள சின்ன அடுக்குமாடி வீடு ஒன்றை நான்கு இரவுக்கு எடுத்தோம்.

சமையல் மேடை ஏன் என்றால், பந்தயத்துக்கு முந்தின நாள் நான் சோறும் ரசமும்தான் சாப்பிடுவேன். விடிகாலையில் இரண்டு இட்லி, அதுவும் இல்லையென்றால் ரவை உப்புமா. வெளியூர் போய்ப் புதுச் சாப்பாட்டைப் பரீட்சித்துப் பார்க்கும் இடம் மாரத்தான் காலை இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள் உணவுப் பொருள் கொண்டு போவதில் கெடுபிடி அதிகம், பழம் எதுவும் கூடாது, கொண்டு போகிறதை எல்லாம் படிவத்தில் எழுதிவிட வேண்டும். அக்கா பொடி டப்பா, ரசப் பொடி, வறுத்த ரவை எல்லாவற்றையும் கடைப் பொட்டலமாக, பெயர் எழுதிய உறையோடு ஒரே பையில் வைத்திருந்தார். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், பொடியைக் காட்டி என்ன என்று கேட்டார், அக்கா பருப்பும் மிளகாயும் என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு மூடிக் கொடுத்தார். மறைக்காமல் எழுதியிருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வாழைப்பழத்தை அங்கே போய் வாங்கிக்கொண்டோம்.

எண் அட்டை வாங்கும் கண்காட்சி பிராட்பீச்சில் இருக்கும் மாநாட்டு மையத்தில். டிராமில் இறங்கி நடந்தால் வந்துவிடும். நான் உள்ளே போய் அட்டையை வாங்கி வெளியே வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. காலணிக் கடைகளில் சுற்றாதீர்கள், அன்றைக்குக் காலுக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான் அதைப் பற்றி.

பந்தயக் காலை. நான் மறக்கவே மாட்டேன். சவுத்போர்ட்டில் பிராட்வாட்டர் பூங்கா, பக்கத்தில் கருநீலமாக அசையாத நீர், அப்போதுதான் கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. 12 டிகிரி இருக்கும். நம் ஊர் ஆட்கள் யார் என்று கூட்டத்தில் தேடவே வேண்டாம், கம்பளிச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு தோளைக் குறுக்கி நிற்பவர்கள் எல்லாம் சிங்கப்பூர், மலேசியா, உள்ளூர்க்காரர்கள் பனியனோடு நிற்கிறார்கள். பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். கையுறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைக் கழற்றியது தப்பாகப் போய்விட்டது. எட்டாவது கிலோமீட்டரில், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பொட்டலத்தைக் கிழிக்கப் போனால் விரல் மரத்துப் போயிருக்கிறது, பல்லால் கடித்துத்தான் திறந்தேன்.

தடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயம் இருக்கிறது. சவுத்போர்ட்டில் தொடங்கித் தெற்கே போகிறோம். சன்டேல் பாலத்தில் ஒரு சின்ன ஏற்றம், நம் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தை ஓடியவர்களுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. பிறகு மெயின் பீச், சர்ஃபர்ஸ் பாரடைஸ், பிராட்பீச், மெர்மெய்ட் பீச் என்று கடல் இடது பக்கமே வரும். பதினைந்து பதினாறாவது கிலோமீட்டர் வாக்கில் பர்லி ஹெட்ஸில் திரும்பி வந்த வழியே வடக்கே. திருப்பங்கள் ரொம்பக் குறைவு, நீள நீளமான நேர்ச்சாலை, கூட்டம் பரவிவிடுவதால் யாரையும் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சொன்ன நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் ஓடி வழிகாட்டும் பேசர்கள் (pacers), நேரம் எழுதிய அடையாளத்தோடு ஓடுகிறார்கள். என்னைவிட ஒரு நிமிடம் முன்னே, ஒரு நிமிடம் பின்னே எப்போதும் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். இது பெரிய பலம். சின்ன ரேஸில் தட்டையான தடம் கிடைத்தாலும் தனியாக எதிர்க்காற்றில் ஓட வேண்டியிருக்கும், இங்கே ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

பத்தாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 12 விநாடி, இதயத் துடிப்பு 158. அதே வேகத்தில் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் 170ஐத் தொட்டுவிடும். கடிகாரம்தான் கெட்டுவிட்டதோ என்று கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வேர்வை வருகிறது, வந்த உடனே காய்கிறது, தொப்பியின் விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு. மூச்சு விடும்போது காற்று தொண்டையில் குளிர்ச்சியாக இறங்குகிறது. இருபது வருஷமாகச் சிங்கப்பூரில் ஓடுகிறேன், ஓடுவது இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்டூழியர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். தண்ணீர் மேசைகளில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள், குவளையைக் கைக்கு வாட்டமாக நீட்டிப் பிடித்து "தண்ணீர், தண்ணீர்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள், ஒரு மேசையிலும் எனக்குக் கிடைக்காமல் போகவில்லை. முந்தின வருஷம் காலிக் குவளையைப் பார்த்தவள் நான், எனக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். முப்பது கிலோமீட்டர் தாண்டி சவுத்போர்ட்டுக்குத் திரும்ப வரும்போது முடிவுக் கோட்டுப் பக்கமாகவே ஓட விடுவார்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி, கைதட்டல், பதக்கம் போட்டுக்கொண்டு போகிறவர்கள். நீங்களோ அதைத் தாண்டி வடக்கே லாப்ரடார், ரனவே பே என்று இன்னொரு ஐந்தாறு கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப வேண்டும். கடைசி ஆறு கிலோமீட்டரில் பாதிப் பேர் எதிரே வருவார்கள். அக்கா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், "அந்த இடத்துல இடது பக்கம், வலது பக்கம் பாக்காதம்மா, முன்னால போறவங்க காலைப் பாரு" என்று. அப்படியே செய்தேன். 34ஆவது கிலோமீட்டரில் தொடை இறுக ஆரம்பித்தது, வேகம் 5:20க்கு இறங்கியது. எண் அட்டையில் நம் பெயர் அச்சிட்டிருக்கும். லாப்ரடாரில் சாலை ஓரமாகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் என் பெயரைப் படித்துவிட்டு, "அக்கா, விட்றாதீங்க, ஓடுங்க!" என்று தமிழில் கத்தினார். யாரென்று தெரியாது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் அடுத்த கிலோமீட்டர் மறுபடி 5:11.

வயதானால் வேகம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இதே ஊரில் 2015இல் கென்யாவின் கென்னத் முங்காரா 2:08:42 ஓடி வென்றார், அப்போது அவருக்கு 41 வயது, 40 வயதைத் தாண்டியவர்களில் அன்றைக்கு அதுதான் உலகச் சாதனை. 2019இல் ஜப்பானின் யூட்டா ஷிடாரா 2:07:50 ஓடினார். வென்றவர் நேரத்தை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னேன்தான். இங்கே முன்னால் ஓடுகிறவர்களுக்கும் பின்னால் ஓடுகிற எங்களுக்கும் ஒரே மாதிரி உதவுகிறது தடம், அதற்காகத்தான் சொன்னேன்.

செலவு கொஞ்சம் கனம்தான். நுழைவுக் கட்டணம், விமானம், பாதி வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 வெள்ளிக்குச் சற்றுக் கீழே வந்தது. அந்த வார இறுதியில் கோல்ட் கோஸ்ட் முழுக்க வாடகை ஏறிவிடுகிறது, மூன்று நான்கு இரவுக்குக் குறைந்து பல இடங்களில் தருவதில்லை. சமீப வருஷங்களில் ஓட்டத்துக்கான இடங்களும் சீக்கிரமே நிரம்பிவிடுகின்றன. பதிவு திறந்த அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டால் முடிந்துவிடும். கடலோரம் என்பதால் காற்று எப்படி அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, வடக்கே திரும்பும்போது எதிர்க்காற்று இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் போகும். முதல் தடவை மாரத்தான் ஓடப் போகிறவர்கள் இவ்வளவு செலவு செய்து அங்கே போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். டிசம்பரில் ஊரில் ஓடுங்கள், மாரத்தான் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் துரத்துகிறவர்களுக்கு இது கொடுக்கும் காசுக்குத் தகுந்த ரேஸ்.

பயிற்சி பற்றிக் கேட்கிறவர்களுக்கு. மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்தால் பதினேழு பதினெட்டு வாரம் கிடைக்கும். நம் ஊர் வெயிலில் பயிற்சி செய்வது வீண் இல்லை. சூட்டில் ஓடி ஓடி ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே சுரக்கப் பழகும், குளிர்ந்த இடத்துக்குப் போகும்போது அதெல்லாம் கைகொடுக்கும். ஆனால் இங்கே லாங் ரன்னில் பந்தய வேகத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், பாதியிலேயே உடம்பு படுத்துவிடும். நான் பிடோக் நீர்த்தேக்கத்திலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் 30, 32 கிலோமீட்டர் ஓட்டங்களை 5:55, 6 நிமிட வேகத்தில்தான் ஓடினேன். பந்தய வேகத்தைப் பழக வாரம் ஒரு நாள் அலுவலகக் கட்டடத்து உடற்பயிற்சிக் கூடத்தில், குளிரூட்டியின் நேர் கீழே உள்ள டிரெட்மில்லில் 12 கிலோமீட்டர். அக்கா ஒன்று கண்டிப்பாகச் சொன்னார், வேகத்தைத் தீர்மானிக்க இதயத் துடிப்பைப் பார், நேரத்தைப் பார்க்காதே என்று. அங்கே போனதும் அதே துடிப்பில் கிலோமீட்டருக்கு 35, 40 விநாடி தானாகக் குறைந்தது.

செப்டம்பரில் பாஸ்டனுக்கு விண்ணப்பித்தேன். 3:45க்கு 5 நிமிடம் 20 விநாடி மிச்சம். அந்த முறை எல்லைக்கோடு 4 நிமிடம் 34 விநாடியில் நின்றது. 46 விநாடி வித்தியாசத்தில் உள்ளே வந்திருக்கிறேன். மின்னஞ்சல் வந்தபோது தேக்கா சந்தையில் மீன் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் 3:52 ஓடியிருந்தார், 55 வயதைத் தாண்டிவிட்டதால் அவருக்கு என்னைவிடத் தாராளமாக நேரம் இருந்தது, ஏற்கனவே மின்னஞ்சல் வந்துவிட்டதாம், நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அடுத்த ஜூலைக்கும் அதே வீட்டைப் பேசி வைக்கலாமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன், மூன்றாவது ஆளுக்கு ஒரு கட்டில் காலியாக இருக்கிறது.